கொள்ளிட மணலில் நாலு நொடி

அம்மாசிக்கு முகம் கிடைத்தது ஐம்பத்திரண்டாவது வயதில். அதுவரை முகம் இல்லாமலா இருந்தார் என்று கேட்காதீர்கள். இருந்தது, நல்ல களையான முகம்தான். கருகருவென்று மீசை, ஏறிய நெற்றி. ஆனால் பார்க்க ஆள் வேண்டாமா?

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில் இருபத்தெட்டு வருஷமாகப் பட்டுப் பிரிவில் சேல்ஸ்மேன் அவர். நம்ம ஊர்ப் பெண்களுக்குப் புடவையைப் பிரித்துப் போட்டால் மட்டும் போதாது. கட்டினால் எப்படி விழும் என்று கண்ணால் பார்க்க வேண்டும். உடனே அம்மாசி பேண்ட் சட்டைக்கு மேலேயே புடவையைச் சுற்றி, நாலு விரலில் கொசுவம் பிடித்து இடுப்பில் செருகி, முந்தானையை இடது தோளில் வீசி நிற்பார். ஒரு நாளைக்கு நாற்பது புடவை கட்டுவார், முகூர்த்த மாசம் என்றால் அறுபது. பார்டரைப் பார்ப்பார்கள், முந்தானையைப் பார்ப்பார்கள், கொசுவத்தைக் குனிந்து பார்ப்பார்கள். அதற்கெல்லாம் மேலே ஒரு தலை இருப்பது ஒருத்தர் கண்ணிலும் படாது. ஒரு துறையூர்க் குடும்பம் கல்யாணப் புடவையை மறுநாள் மாற்ற வந்தபோது, எதிரே நின்ற அவரிடமே, "நேத்து ஒருத்தர் கட்டிக் காமிச்சாரே, அவரு இன்னைக்கு வரலீங்களா?" என்று கேட்டது. கடையே சிரித்தது. அம்மாசியும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

அந்த மனுஷனிடம் போய், சினிமாவில் முகம் வரும் என்று சொன்னால் என்ன ஆகும்? சொன்னது ஜோஸ். பாலக்கரையில் இருந்துகொண்டு சினிமாக் கம்பெனிகளுக்குக் கூட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். "கொள்ளிடத்துச் சிங்கம்னு ஒரு சரித்திரப் படம். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கால, கொள்ளிடம் மணல்ல சண்டை எடுக்கறாங்க. அறுநூறு பேர் வேணும். மீசை இருந்தா முன் வரிசை" என்றார். அம்மாசி அந்த நிமிஷமே மீசையைத் தடவிக்கொண்டார்.

தனியாகப் போகப் பயம். அதனால் அப்துல் ரஹீமை இழுத்தார். ரஹீம் தென்னூரில் அதே சந்தில், நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். லோடு ஆட்டோ ஓட்டினார். ஸ்டேஷனிலிருந்து கடைக்குச் சேலைப் பண்டல் கொண்டு வந்து இறக்கி இறக்கித்தான் அம்மாசியோடு சிநேகம் ஆனது. இருபத்தைந்து வருஷச் சிநேகம், வாடா போடா என்கிற அளவுக்கு. அம்மாசியின் மனைவி அனுசுயாவின் பிரசவத்துக்கு அந்த லோடு ஆட்டோவில் மெத்தை விரித்து ஏற்றிக்கொண்டு போனவர் ரஹீம்தான்.

"எனக்கு எதுக்குடா வேஷம்? வண்டி நிக்குது, லோடு நிக்குது" என்றார் ரஹீம்.

"ரெண்டே நாள்டா. எனக்காக வாடா" என்றார் அம்மாசி. எனக்காக என்று சொன்னால் ரஹீம் மறுக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

படத்தின் கதை ரொம்ப எளிது. ஒரு பாளையம். பாளையக்காரர் கண்ணை மூடுகிறார். கோட்டை அண்ணனுக்கா தம்பிக்கா என்று ஒரே ஊர் ரெண்டாக உடைந்து அடித்துக்கொள்கிறது. நடுவில் கதாநாயகன் கயிற்றில் தொங்கி மதில் தாண்டுகிறான், ஓடுகிற குதிரையிலிருந்து இன்னொரு குதிரைக்குத் தாவுகிறான், பன்னிரண்டு பேரை ஒற்றை வாளில் சமாளிக்கிறான், தலைமுடி மட்டும் கலையவே இல்லை! ஒரே ஊர்ச் சண்டை என்பதால் ரெண்டு படைக்கும் ஒரே உடுப்பு. தலைப்பாகைதான் வேறு. அண்ணன் படைக்குச் சிவப்பு, தம்பி படைக்குப் பச்சை. கம்பெனிக்கு இது சௌகரியமாகப் போயிற்று. காலையில் சிவப்பைக் கட்டிக்கொண்டு கிழக்கே ஓடின அதே அறுநூறு பேர், தயிர்சாதப் பொட்டலம் தின்றுவிட்டு, மத்தியானம் பச்சையைக் கட்டிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். காலையில் கொன்றவனும் மத்தியானம் செத்தவனும் ஒரே ஆள். "நம்மளை நாமே வெட்டிக்கறோம்டா" என்று ரஹீம் விழுந்து விழுந்து சிரித்தார்.

ரெண்டாம் நாள் மத்தியானம் அசிஸ்டன்ட் டைரக்டர் ஒருத்தர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, அம்மாசி முன்னால் நின்றார். "அண்ணே, நீங்க முன்னால வாங்க. தண்டவாளம் போட்டுக் கேமரா உங்க கூடவே வரும். உங்க முகம்தான் ஷாட். கட் சொல்ற வரைக்கும் நிக்கக் கூடாது, கேமராவைப் பாக்கக் கூடாது. நின்னீங்கன்னா அறுநூறு பேரும் மறுபடி ஓடணும்."

உங்க முகம்தான் ஷாட். அம்மாசிக்குத் தலைகால் புரியவில்லை. ரஹீம் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார், தலையில் இன்னும் காலையில் கட்டின சிவப்பு. "பாகை மாத்திட்டு வந்துடறேன்டா" என்றவரைக் கையைப் பிடித்து இழுத்து, "அதுக்கெல்லாம் நேரமில்லடா, இடம் போயிடும், எம் பக்கத்துலயே நில்லு" என்று முன் வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது அம்மாசிதான். அத்தனை பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு நின்றது. யாரும் கவனிக்கவில்லை.

ஓடினார்கள். அறுபதடி ஓடியிருப்பார்கள். மணல் அள்ளிய பழைய குழி ஒன்று மேலே மண் மூடிக் கிடந்திருக்கிறது. ரஹீமின் வலது கால் அதில் போயிற்று. முழங்கால் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அம்மாசியின் காலடியில்தான் விழுந்தார். சாகிறவர்கள் எல்லாரும் அய்யோ அம்மா என்று கத்த வேண்டும் என்பது ஏற்பாடு, அதனால் சுற்றிலும் ஒரே அய்யோ அம்மாதான். ஆனால் ரஹீம் அப்படிக் கத்தவில்லை. கையை நீட்டி, "அம்மாசி!" என்றார்.

அம்மாசி பார்த்தார்.

நான் ஒன்றும் பூசி மெழுகப் போவதில்லை. பார்த்தார். கீழே கிடப்பது ரஹீம் என்று தெரிந்தது, நடிப்பில்லை என்று தெரிந்தது, பக்கத்தில் கேமரா ஓடுகிறது என்பதும் தெரிந்தது. அந்த மூன்றில் அவர் மனசு கேமராவைப் பிடித்துக்கொண்டது. காலைத் தூக்கி, நீட்டிய கையைத் தாண்டி, ஈட்டியை முன்னால் குத்திக்கொண்டு ஓடினார். அவர் நின்றிருந்தால் பின்னால் வந்தவர்கள் ஒதுங்கியிருப்பார்கள். அவர் போனதால் அவர்களும் போனார்கள். ஆறு பேர் அந்தக் காலை மிதித்துக்கொண்டு போன பிறகுதான் கட் என்றார்கள். "அண்ணே, சூப்பர்!" என்று மைக்கில் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்தபோது ஒரு கணம் உடம்பெல்லாம் குளிர்ந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் அம்மாசிக்கு இன்றைக்கும் நாண்டுகொண்டு சாகலாமா என்று இருக்கும்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் ரஹீமின் மனைவி ஆபிதா ஓடி வந்து கேட்டாள். "நீங்க பக்கத்துலதானேண்ணே இருந்தீங்க? எப்படிண்ணே ஆச்சு?"

"ஒரே புழுதிம்மா. கண்ணே தெரியல. விழுந்ததையே நான் பாக்கலம்மா" என்றார் அம்மாசி.

அங்கேயே கட்டிலில் படுத்திருந்த ரஹீமுக்கும் அது கேட்டது. மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அதற்குப் பிறகு பதினாலு மாசம். கம்பி வைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். முழங்கால் மடங்கவில்லை. பிரேக்கை அழுத்த முடியாத காலோடு லோடு ஆட்டோ எப்படி ஓட்டுவது? வண்டியை விற்றார்கள். ஆபிதா ரவிக்கை தைக்க உட்கார்ந்தாள். அம்மாசி கடைக்கு வருகிற அத்தனை பெண்களையும் அவளிடம் அனுப்பினார். வெள்ளிக்கிழமை தவறாமல் பழமோ பலகாரமோ வாங்கிக்கொண்டு போனார். "எங்கூடப் பொறந்தவன்கூட இப்படி வந்து பாக்கல. நீங்கதாண்ணே எங்களுக்கு" என்று ஆபிதா ஒருநாள் கண் கலங்கினாள். அம்மாசி தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனுஷன் என்று அவள் நினைத்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், சொல்லிச் சொல்லிப் புழுதி அம்மாசிக்கே நிஜமாகிக்கொண்டு வந்தது. நூறு பேரிடம் சொல்லியாகிவிட்டது. சில நாள் அந்தப் புழுதி அவர் கண்ணிலேயே தெரிந்தது. நிஜமாகவே பார்க்கவில்லையோ? ஒரு நொடிதானே, யாருக்குத் தெரியும்? அப்படி நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வந்தது.

பிறகு டிரெயிலர் வந்தது.

கடையில் சுடிதார் பிரிவில் இருக்கும் ஆலியா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணே! அண்ணே! இது நீங்கதானே?" மற்றவர்கள் கூடினார்கள். அம்மாசி அப்போது ஒரு மாம்பழ மஞ்சள் பட்டைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்தக் கோலத்திலேயே குனிந்து பார்த்தார்.

நடந்தது ஒரு நொடி. படத்தில் அதை நாலு நொடியாக இழுத்திருந்தார்கள். திரை முழுக்க அவர் முகம். கண் மெல்லக் கீழே போகிறது. அங்கே சிவப்புத் தலைப்பாகையோடு ஒருத்தர் கையை நீட்டுகிறார், வாய் திறந்து மூடுகிறது. மேளமும் எக்காளமும் அதிர்வதால் குரல் கேட்கவில்லை. கண் அங்கேயே நிற்கிறது. அப்புறம் மெல்ல நிமிர்கிறது, கால் மேலே எழும்புகிறது, தாண்டுகிறது. வெயில் பளீரென்று அடிக்கிறது. ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

"என்னமா நடிச்சிருக்கீங்கண்ணே!" என்றாள் ஆலியா.

அம்மாசிக்கு இடுப்பில் இருந்த கொசுவம் நழுவி விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கிற சாக்கில் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

படம் வந்தது, ஓடியது, பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த நாலு நொடியைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. எதிரிப் படையில் கிடக்கும் பழைய சிநேகிதன் கை நீட்டுகிறான், இவன் பார்த்தும் தாண்டிப் போகிறான், உள்நாட்டுச் சண்டையின் மொத்தக் கொடுமையும் அந்த ஒரு முகத்தில் இருக்கிறது என்று ஆளாளுக்கு உருகினார்கள். பாகை மாற்ற விடாமல் இழுத்து வந்தது யார் என்று அவர்களுக்கு என்ன தெரியும்! தெருவில் போனால் "தாண்டிப் போனவரு போறாரு பாரு" என்று கை காட்டினார்கள். இருபத்தெட்டு வருஷமாக ஏங்கிய முகம் இப்போது ஊர் முழுக்கத் தெரிந்தது. அம்மாசி மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

முதலாளி சும்மா இருப்பாரா? கடை வாசலில் இருபதடிக்கு ஒரு ஃபிளக்ஸ் வைத்தார். "எங்கள் பட்டுப் பிரிவின் மாவீரன்" என்று போட்டு, அதே காட்சி. தூக்கிய கால், கீழே பார்க்கும் கண். ரஹீமின் உடம்பை வெட்டிவிட்டார்கள். ஆனால் ஓரத்தில், கடை விலாசத்துக்குப் பக்கத்தில், மணலிலிருந்து நீண்ட கையில் நாலு விரல் மட்டும் தப்பித் தவறி நின்றுவிட்டது.

"எடுத்துருங்க முதலாளி, கூச்சமா இருக்கு" என்று அம்மாசி கெஞ்சினார்.

"அட, உனக்கு இவ்வளவு வெக்கமாய்யா? ஆடித் தள்ளுபடி முடியட்டும்" என்று முதலாளி சிரித்தார். தினமும் அந்த நாலு விரலுக்குக் கீழேதான் அம்மாசி கடைக்குள் நுழைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடை ஆட்கள் எல்லாருக்கும் குடும்பத்தோடு மாட்னி டிக்கெட் என்று முதலாளி அறிவித்தார். ரஹீமுக்கும் ஆபிதாவுக்கும் சேர்த்து எடுத்திருந்தார், அவரும் படத்தில் வருகிறவர் அல்லவா. ஆபிதா இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. அவள் போனில் டிரெயிலர் ஓடாது, பட்டன் போன். திரையில் அவள் பார்ப்பதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று அம்மாசி நினைத்தார். அதுவாவது மிஞ்சட்டும்.

வெள்ளிக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். ரஹீம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து ரவிக்கைக் கொக்கிகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆபிதா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். அம்மாசி வாயைத் திறந்தார்.

"படம் அவ்வளவு சரியில்லைங்கறாங்கம்மா. ரஹீம் காலை வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் உக்கார முடியாது. நீங்க வர வேணாம்" என்றுதான் வந்தது வாயில்.

"என்னண்ணே நீங்க! ஊரே உங்களைக் கொண்டாடுது, நாங்க பாக்க வேணாமா?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "அதுகூட இல்லண்ணே. இவரு கடைசியா ஓடுனது அங்கதானே? இவரு ஓடறதை ஒரு தடவை பாத்துக்கறேண்ணே. எப்படி ஓடுவாருங்கறதே எனக்கு மறந்துகிட்டு வருது."

அம்மாசி ரஹீமைப் பார்த்தார். ரஹீம் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிம்மா, போயிட்டு வரேன்" என்று அம்மாசி எழுந்துவிட்டார். சந்து முனையில் நின்று தன் கன்னத்தில் தானே ஒன்று போட்டுக்கொண்டார். என்ன பிரயோஜனம்?

தியேட்டரில் ஒரே விசில். ஒரே வரிசையில் அனுசுயா, அம்மாசி, ரஹீம், ஆபிதா. கதாநாயகன் கயிற்றில் பறந்தபோது ஆபிதா சின்னப் பெண் மாதிரி கை தட்டினாள். பிறகு கொள்ளிடம் வந்தது. பச்சைப் படை ஓடி வந்தது. "இவரு! இவரு! அந்தச் சிவப்பு!" என்று அவள் ரஹீமின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ரஹீம் ஓடினார். நல்ல நீளமான கால், நல்ல ஓட்டம். அஞ்சாறு அடிதான். ஆனாலும் ஓடினார். ஆபிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர்.

அப்புறம் விழுந்தார். அப்புறம் அந்த முகம் வந்தது, நாற்பதடி அகலத்துக்கு.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தியேட்டர் இரைந்தது. எழுந்து நின்று கத்தினார்கள். முன் வரிசையிலிருந்து முதலாளி திரும்பி அம்மாசிக்குக் கட்டை விரலைக் காட்டினார். மேளச் சத்தத்தில் திரையில் அந்த வாய் என்ன சொல்லித் திறந்தது என்று யாருக்குமே கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷம் ரஹீமோடு வாழ்ந்தவளுக்குக் கேட்க வேண்டியதில்லை.

ஆபிதாவின் கை தட்டுவதற்காகத் தூக்கிய இடத்திலேயே நின்றது. அவள் ரஹீமைத் தாண்டிக் குனிந்து, அம்மாசியின் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை, திட்டவில்லை.

"புழுதியே இல்லையே" என்றாள்.

அண்ணே என்று சேர்க்கவில்லை. அம்மாசி அதற்காகக் காத்திருந்தார். வரவில்லை.

இடைவேளை விட்டதும் ரஹீம் கோலை ஊன்றிக்கொண்டு வெளியே போனார். அம்மாசி பின்னாலேயே போனார். தண்ணீர்க் குழாயின் பக்கம் ரெண்டு பேரும் நின்றார்கள். சுற்றிலும் பாப்கார்ன் வாசனை, குழந்தைகளின் சத்தம்.

"ரஹீமு, நான் பாத்தேன்டா" என்றார் அம்மாசி. குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "புழுதி இல்லடா. நான் பாத்தேன்."

"தெரியும்டா" என்றார் ரஹீம். "நீ என்னைப் பாத்தப்ப நானும் உன்னைத்தானே பாத்துகிட்டு கிடந்தேன்."

"அப்புறம் ஏன்டா யாருகிட்டயும் சொல்லல? ஆபிதாகிட்டகூட?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்." ரஹீம் கோலைக் கை மாற்றிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீ வந்து உக்காரறப்ப, இன்னைக்குச் சொல்லிடுவான்னு பாப்பேன். நீ பழத்தை வெச்சுட்டுப் போயிடுவே. அறுபது வெள்ளிக்கிழமை இருக்கும்டா."

அம்மாசிக்கு அந்த இடத்திலேயே மண் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். காலில் விழலாம் என்று குனியக்கூடப் பார்த்தார்.

அதற்குள், "சார்! அது நீங்கதானே?" என்று ஒரு சத்தம் கேட்டது. காலேஜ் பெண்கள் மூன்று பேர். "செம்ம சார்! அந்தப் பார்வை இருக்கே, எங்களுக்கெல்லாம் அழுகையே வந்துடுச்சு. ஒரு போட்டோ சார், ப்ளீஸ்!" என்று ரெண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள். ஒருத்தி எதிரே கோலோடு நின்ற ஆளிடம் போனை நீட்டினாள். சிவப்புத் தலைப்பாகை இல்லாமல் அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. "பாய், ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கறீங்களா?"

வேண்டாம்மா என்று அம்மாசி சொல்ல நினைத்தார். அதற்குள் ரஹீம் கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மடங்காத காலைப் பக்கவாட்டில் நகர்த்தி நின்று, ரெண்டு கையாலும் போனை உயர்த்தினார். பெண்கள் சிரித்தபடி தயாராக நின்றார்கள். அம்மாசியின் கண் ரஹீமின் கால்மேலேயே இருந்தது. நிமிர முடியவில்லை.

"அம்மாசி" என்றார் ரஹீம். கொள்ளிடத்தில் கூப்பிட்ட அதே குரல். "கீழ பாக்காதடா. என்னைப் பாரு."